ராஜினாமாக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்

கொழும்பிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 39. வெள்ளவத்தையில் கணவர், இரண்டு பிள்ளைகள், தாயாருடன் வசிக்கிறார். கோட்டைப் பக்கத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை. மூன்று வருடமாக உடம்பு முழுக்க நோ. கழுத்து, தோள்மூட்டு, இடுப்பு, முழங்கால் என்று இடம் மாறி மாறி வருகிறது. எவ்வளவு நேரம் நித்திரை கொண்டாலும் காலையில் அலுப்போடுதான் எழும்புகிறார். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எல்லாம் செய்து பார்த்து "ஒன்றும் இல்லை" என்றார்கள். கடைசியில் ஒரு வாதநோய் நிபுணர்தான் இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொல்லி, இரவில் போடும்படி அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். அது மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து என்று இணையத்தில் பார்த்துப் பயந்தும், காலையில் தூக்கக் கலக்கமாக இருந்ததாலும், சில நாட்களிலேயே நிறுத்திவிட்டார்.

மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் பாமசியில் டைக்ளோபெனாக் என்ற நோ மருந்தை வாங்கிப் போட்டுக்கொண்டு இரவு எட்டு, ஒன்பது மணிவரை அலுவலகத்தில் இருக்கிறார். அடுத்த கிழமை படுக்கை. இந்த வருடத்து லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. வருத்தத்தைப் பற்றி அலுவலகத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. "கஷ்டமென்றால் யோசித்து ஒரு முடிவெடுங்கள்" என்று போன மாதம் மனேஜர் சொல்லியிருக்கிறார். ராஜினாமாக் கடிதத்தையும் எழுதி வைத்துவிட்டார். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசில் வீட்டுக் கடனை அடைத்துவிட்டு ஆறுதலாக இருந்தால் உடம்பு தேறிவிடும் என்பது அவருடைய எண்ணம். அம்மாவும் அதையே சொல்கிறார். மாமியார், "ஆள் பார்க்க நல்லாத்தானே இருக்கிறா" என்கிறாராம். லண்டனில் இருக்கும் மச்சாள், "வேலையில் உனக்கு வசதி செய்து தர வேண்டியது அவர்களுடைய சட்டக் கடமை, கேள்" என்கிறார். கடிதத்தின் கடைசி வரி: "டொக்டர், இது உண்மையிலேயே வருத்தமா, இல்லை என் மனமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றக் கேள்விகள் எல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. இது உண்மையான வருத்தம். நீங்கள் நடிக்கவில்லை, கற்பனை செய்யவுமில்லை.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாட்பட்ட வலி என்கிறோம். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டின் 11 ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் நாட்பட்ட வலிக்குத் தனி இடம் உண்டு. ஃபைப்ரோமயால்ஜியா வேறு நோயின் அறிகுறியாக அல்லாமல், வலியே நோயாக இருக்கும் பிரிவுக்குள் வருகிறது. இதில் மூட்டோ தசையோ பழுதாவதில்லை. உடம்பிலிருந்து வரும் செய்திகளை முள்ளந்தண்டு நரம்பும் மூளையும் கையாளும் விதம் மாறிவிடுகிறது. மற்றவருக்கு வெறும் அழுத்தமாகவோ குளிராகவோ களைப்பாகவோ தெரிவது உங்களுக்கு நோவாகத் தெரிகிறது. எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் எலும்பையும் முள்ளந்தண்டுத் தட்டையும் நரம்பு வேரையும் காட்டும். இந்த மாற்றத்தைக் காட்டுவதற்காக அவை செய்யப்படவில்லை. "ரிப்போட்டில் ஒன்றும் இல்லை" என்று நாங்கள் வைத்தியர்கள் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திவிடுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். அந்த ஒரு வசனத்தைக் கேட்டு வருடக்கணக்கில் தன்னையே சந்தேகித்தவர்களைக் கிளினிக்கில் தொடர்ந்து பார்க்கிறேன்.

மனதுக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. கவலையும் நித்திரைக் குறைவும் நோவைக் கூட்டும். கை முறிந்தவருக்கும் அப்படித்தான் கூட்டும். அதற்காக முறிவு பொய்யாகிவிடுவதில்லை.

ஒரு விடயத்தை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். தைரொயிட் குறைபாடு, இரத்தச்சோகை, விற்றமின் டி குறைபாடு ஆகியவற்றாலும் உடம்பு உளைவும் அலுப்பும் வரும். அவற்றைப் பார்த்தார்களா என்று பழைய ரிப்போட்டுகளில் தேடுங்கள். மூட்டு வீங்குவது, காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடிப்பது, காய்ச்சல், காரணமில்லாமல் உடல் மெலிவது போன்றவை வந்தால் கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். கால் பலமிழப்பது, சிறுநீர் போவதில் புதிதாகச் சிக்கல் என்றால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நீங்கள் போட்ட கணக்கு

நீங்கள் கணக்குப் பிரிவில் வேலை செய்பவர் என்பதால் நேரடியாகவே சொல்கிறேன்: ராஜினாமா பற்றி நீங்கள் போட்ட கணக்கில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

முதலாவது, வேலையை விட்டதும் ஊழியர் சேமலாப நிதி கைக்கு வரும் என்பது. வராது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும்தான் அதை எடுக்கலாம். அதற்கு முன் எடுப்பதற்குத் திருமணத்தை முன்னிட்டு வேலையை விடுவது, நிரந்தரமாக வெளிநாடு போவது, ஓய்வூதியமுள்ள அரச வேலையில் சேர்வது, இனி ஒரு வேலையும் செய்ய முடியாத நிரந்தர இயலாமை என்று வைத்திய ரீதியாக உறுதிப்படுத்தப்படுவது என்று சில காரணங்கள்தான் உண்டு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஒன்றும் உங்களுக்குப் பொருந்தாது. வேலையில் இருந்துகொண்டே, வீட்டுத் தேவைக்கோ குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கோ கணக்கில் இருக்கும் தொகையில் 30 சதவீதம் வரை எடுக்கும் ஒரு வசதி இருக்கிறது. அதற்கு 10 வருடம் பணம் கட்டியிருக்க வேண்டும், கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபாயும் இருக்க வேண்டும். நீங்கள் ஒன்பதில் நிற்கிறீர்கள்! வீட்டுக் கடன்தான் உங்களை நெருக்குகிறது என்றால், இப்போது விலகுவது அந்தக் கதவையும் நீங்களே சாத்துவதாக முடியும்.

கிடைக்கக்கூடியது, வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்கு நாலரை மாதச் சம்பளம் வரும். அதில் கடன் அடைபடுமா என்பதை நீங்களே பாருங்கள்.

இரண்டாவது பிழை, ஆறுதலாக இருந்தால் தேறிவிடும் என்பது. காய்ச்சலுக்கும் சுளுக்குக்கும் ஓய்வு சரி. இந்த வருத்தத்தில் நீண்ட ஓய்வு தசையைத் தளர்த்தி, நித்திரையைக் குழப்பி, நோவை இன்னும் கூட்டிவிடும். வேலையை விட்டு வீட்டில் இருந்தவர்களில் பலர், காசுக் கவலையும் சேர்ந்து, முன்பைவிட மோசமாகித் திரும்பி வந்ததைக் கண்டிருக்கிறேன். வேலை என்பது காலையில் எழும்ப ஒரு காரணம், நாலு பேரோடு பேச ஓர் இடம். உங்களைப் போன்ற ஒருவருக்கு அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். எந்த வேலையும் எப்படியும் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. இப்போது செய்கிற மாதிரியில் செய்தால் உடம்பு தாங்காது.

மாதக் கடைசியும் அடுத்த கிழமையும்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் இதுதான். நோ கொஞ்சம் குறைந்த நாளில் விட்டுப்போன வேலையையெல்லாம் அள்ளிப் போட்டுச் செய்கிறீர்கள். மாதக் கடைசியில் மருந்தின் பலத்தில் இரவு வரை இருக்கிறீர்கள். பிறகு ஒரு கிழமை எழும்ப முடிவதில்லை. சம்பளம் வந்த கிழமையே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு மிச்ச நாட்களைக் கடனில் ஓட்டுகிற வீடு மாதிரி இருக்கிறது உங்கள் உடம்பின் வரவு செலவு. ஒவ்வொரு சுற்றிலும் 'செய்ய முடிந்த' அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வரும்.

இதை மாற்ற ஒரு வழி உண்டு, ஆனால் பழக வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு சிறு கொப்பியில் எழுதுங்கள்: எவ்வளவு நேரம் தொடர்ந்து அமர்ந்திருந்தால் நோ ஏறத் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நின்றால், எவ்வளவு தட்டச்சு செய்தால் என்று. நல்ல நாளும் கெட்ட நாளும் சேர்த்துச் சராசரி பாருங்கள். 40 நிமிடம் என்று வந்தால், 30 நிமிடத்தில் எழும்பப் பழகுங்கள். நோ வந்தபிறகு எழும்புவதில் பிரயோசனம் குறைவு. மணிக்கூடு சொல்லும்போது எழும்ப வேண்டும், நல்லாக இருக்கும் நாளிலும். தண்ணீர் போத்தலை மேசையில் வைக்காமல் தூரத்தில் வையுங்கள். ஃபோட்டோகொப்பி எடுக்க நீங்களே போங்கள். இரண்டு நிமிடம் போதும். நல்ல நாளில் நிறுத்துவதுதான் எல்லாரும் தவறும் இடம். "இன்றைக்கு முடியுதே, செய்துவிடுவோம்" என்ற அந்த ஆசைக்கு இடம் கொடாதீர்கள்.

அப்புறம், மாதக் கடைசியைப் பரப்புங்கள். வங்கிக் கணக்கு ஒப்பீடு, விற்பனையாளர் பில்களைச் சரிபார்ப்பது, சில்லறைக் காசுக் கணக்கு போன்றவற்றில் எவற்றைக் கிழமைக்குக் கிழமை முடித்து வைக்கலாம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். மார்ச் 31 ஆம் திகதி நிதியாண்டு முடிந்து கணக்காய்வாளர்கள் வரும் காலத்தை இப்போதே நாட்காட்டியில் குறியுங்கள். அந்தக் கிழமைகளில் வீட்டில் கல்யாணம், சாமத்தியம், கோயில் திருவிழா என்று வேறொன்றையும் தலையில் போட வேண்டாம்.

போக்குவரத்தையும் இதில் சேருங்கள். காலை நெரிசலில் காலி வீதியில் 100, 101 பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றபடி கோட்டை வரை போனால், கதிரையில் அமர முன்னமே அன்றைய பலத்தில் பாதி போய்விடும். அரை மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ போக முடிந்தால் இருக்க இடம் கிடைக்கும். இது சொகுசுக்காகக் கேட்பது அல்ல என்பதை முதலில் நீங்கள் நம்ப வேண்டும்.

பின்னேரம் மெரின் டிரைவ் பக்கம் நடங்கள். முதல் கிழமை ஐந்து நிமிடம் மட்டும். பிறகு கிழமைக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். ஐரோப்பிய வாதநோய் அமைப்பு 2017இல் வெளியிட்ட பரிந்துரைகளில், இந்த வருத்தத்துக்கு மிக உறுதியாகச் சிபாரிசு செய்யப்பட்டது உடற்பயிற்சி ஒன்றுதான், மருந்துகள்கூட அதற்குப் பின்னால்தான். தொடக்கத்தில் உளைவு கொஞ்சம் கூடும். அது உடம்பு கெடுவதன் அடையாளம் அல்ல. இரண்டு நாள் கழித்தும் தணியவில்லை என்றால் மட்டும் நேரத்தைக் குறையுங்கள். அம்மா போடும் எண்ணெயும் மூலிகைப் பத்தும் சுகமாக இருந்தால் தாராளமாகப் போடட்டும், நடையை விடாமல்.

மருந்து

டைக்ளோபெனாக் அழற்சியைத் தணிக்கும் மருந்து. உங்கள் நோ அழற்சியால் வருவதல்ல, அதனால் அது உங்களுக்குச் செய்யும் நன்மை சொற்பம். வயிற்றில் புண், இரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்தம் கூடுவது ஆகியவற்றுக்கான ஆபத்து முழுதாக உண்டு. வெறும் வயிற்றில் போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நிறுத்திவிட்டு, இவ்வளவு காலம் போட்டதை உங்கள் நிபுணரிடம் சொல்லுங்கள். சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்ப்பார். மலம் கறுப்பாகப் போனால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுப்பதுதான். ஆனால் 10 மில்லிகிராம் என்பது அதற்குக் கொடுக்கும் அளவில் மிகச் சிறு பங்கு. இந்த அளவில் அது வலிச் செய்திகளைத் தணிக்கவும் நித்திரையை ஆழமாக்கவும் கொடுக்கப்படுகிறது. அதை எழுதிக் கொடுத்தவர் உங்களை மனநோயாளி என்று நினைக்கவில்லை. காலைத் தூக்கக் கலக்கம் பெரும்பாலும் முதல் ஓரிரு கிழமைதான். படுக்கப் போகும் நேரத்தில் போடாமல் இரண்டு, மூன்று மணித்தியாலம் முந்திப் போட்டால் இன்னும் குறையும். நீங்களாகத் திரும்பத் தொடங்க வேண்டாம், நிபுணரிடம் கேட்டுத் தொடங்குங்கள். சரிவராவிட்டால் டுலொக்செடின், பிரிகாபலின் என்று வேறு மருந்துகளும் உண்டு. ஒன்றும் நோவை முழுதாக எடுக்காது. மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே பலருக்கு நாள் ஓடும்.

அலுவலகத்தில் எவ்வளவு சொல்வது

மறைத்தால் வேலை நிலைக்கும் என்று நினைக்கிறீர்கள். இப்போது மனேஜருக்குத் தெரிவது, காரணம் சொல்லாமல் அடிக்கடி நிற்கும் ஒருவரை மட்டும்தான். அறிவிக்காமல் நின்ற நாட்கள் கூடினால் நீங்களாகவே வேலையை விட்டுவிட்டதாகக் கருதி 'பதவி வறிதாக்கல்' என்று கடிதம் வர இடமுண்டு. அதனால் ஒவ்வொரு முறையும் அன்றைக்கே குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ அறிவியுங்கள், மெடிக்கல் சான்றிதழைக் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி முதல் வருடத்துக்குப் பிறகு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் தற்செயல் லீவும் உண்டு. சுகயீனமும் அந்த ஏழுக்குள்தான் அடக்கம். தனியாக மெடிக்கல் லீவு தருவது நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது, உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அதே சட்டத்தில் சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம். மேலதிக நேரம் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் மாதக் கடைசிகளை இதோடு ஒப்பிடுங்கள்.

மச்சாள் சொல்வது பிரித்தானியாவின் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம். அது இங்கே இல்லை. எங்கள் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வேலைக்கு எடுக்கும்போது பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. வேலையில் இருப்பவருக்குக் கதிரையும் நேரமும் மாற்றித் தர வேண்டும் என்று விரித்துச் சொல்லவில்லை. ஆகவே "என் உரிமை" என்று கேட்டால் பேச்சு முறியக்கூடும். வேலை நன்றாக நடப்பதற்கான யோசனையாகக் கொண்டு போங்கள்.

ஆனால் ஒரு பெரிய பாதுகாப்பு இங்கே இருக்கிறது. 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில், 180 நாளுக்கு மேல் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் நிறுத்த வேண்டுமானால், அவருடைய எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். இது 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். வருத்தம் ஒழுக்காற்றுக் குற்றம் அல்ல. மனேஜர் "யோசித்து முடிவெடுங்கள்" என்கிறபோது, அந்த முடிவை நீங்கள் எடுத்துத் தர வேண்டும் என்பதையும் கவனியுங்கள். நீங்கள் எழுதி வைத்திருக்கும் கடிதத்தைக் கொடுத்த நிமிடமே இந்தப் பாதுகாப்பு போய்விடும். வெற்றுத் தாளிலோ அவர்கள் தட்டச்சு செய்து தரும் கடிதத்திலோ கையெழுத்து வைக்க வேண்டாம். நெருக்கினால் நாரஹேன்பிட்டவில் தொழில் திணைக்களமும், புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கின்றன. முறையிடக் கால எல்லை உண்டு என்பதால் அந்த நேரத்தில் மாதக்கணக்கில் யோசித்திருக்க வேண்டாம்.

இனி, யாருக்கு என்ன சொல்வது? எல்லாருக்கும் சொல்லத் தேவையில்லை. முதலில் எச்.ஆர்., அல்லது நீங்கள் நம்பும் மேலதிகாரி ஒருவர். நிபுணரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். அதில் நோயின் வரலாறு வேண்டாம். தொடர்ந்து எவ்வளவு நேரம் அமரலாம், என்ன மாற்றம் உதவும், எப்போது திரும்பப் பார்ப்பார் என்று இருந்தால் போதும். நீங்கள் கேட்கக்கூடியவை இவை:

- ஏ.சி. காற்று நேரே படாத மேசை. குளிர் உங்கள் நோவைக் கூட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காசு செலவில்லாத மாற்றம் என்பதால் இதை முதலில் கேளுங்கள்.
- நெரிசலுக்கு முன்னோ பின்னோ வந்து போகும் நேரம்.
- கிழமையில் ஓரிரு நாள் வீட்டிலிருந்து வேலை, மூன்று மாதப் பரீட்சார்த்தமாக. கணக்கு மென்பொருளை வீட்டிலிருந்து திறக்கலாமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள்.

பேசி முடித்ததும், பேசியதைச் சுருக்கி அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று பேசியதற்கு நன்றி, நாங்கள் இணங்கியவை இவை" என்று. மரியாதையான கடிதமாகவும் இருக்கும், பின்னால் தேவைப்பட்டால் ஆதாரமாகவும் இருக்கும்.

சொன்னபிறகு சிலர் ஒரு மாதிரியாகப் பார்க்கலாம், பதவி உயர்வு தள்ளிப் போகலாம். அந்த ஆபத்து உண்மையானது. இருந்தும் உங்கள் நிலையில் சொல்வதே நல்லது என்று நினைக்கிறேன். லீவு தீர்ந்து, மனேஜர் வாய் திறந்துவிட்ட பிறகு மறைப்பதால் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

ஆறு மாதம் இப்படிச் செய்து பார்த்தும் முடியவில்லை என்றால், அப்போது வேலையை மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். பகுதிநேரமாக இரண்டு, மூன்று சிறு கடைகளின் கணக்கைப் பார்ப்பதும் உங்கள் அனுபவத்துக்கு முடியும். ஆனால் அதை ஒரு நல்ல கிழமையில், கணவரோடு இருந்து, கடன் தவணையை முன்னால் வைத்து முடிவெடுங்கள். மாதக் கடைசி முடிந்த படுக்கையில் எடுக்க வேண்டாம்.

வீட்டு விடயம். மாமியாருக்கு விளக்கிக் களைக்க வேண்டாம், கணவரை ஒரு தடவை கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். நிபுணர் வாயால் அவர் கேட்டால், வீட்டில் உங்களுக்காகப் பேச ஒருவர் இருப்பார். "சில இரவுகளில் எழும்பாமலே போனால் நல்லது என்று தோன்றும்" என்று நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை நான் கவனிக்காமல் விடவில்லை. நீண்ட நாள் நோவோடு வாழ்பவர்களுக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருவது சாதாரணம், அதற்கும் சிகிச்சை உண்டு. அந்த எண்ணம் திரும்ப வந்தால் அன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழையுங்கள்.

தனியார் வைத்தியசாலைச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் வாதநோய், புனர்வாழ்வுப் பிரிவு இருக்கிறது. அங்கே இயன்மருத்துவமும் (பிசியோதெரபி), அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையும் இலவசம். போகும்போது பழைய ரிப்போட்டுகள், போட்ட மருந்துகளின் அட்டைகள், அந்த இரண்டு கிழமைக் கொப்பி மூன்றையும் கொண்டு போங்கள். அலுவலகத்துக்கான கடிதத்தையும் அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.